நூறு முறை பார்த்தவரும் காணாத காட்சிகள்



ஒரு திரைப்படத்தை ஒருவர் எத்தனை முறை பார்க்கலாம்? 'பார்த்த படத்தையே மறுபடியும் பார்ப்பதற்குக் காசையும் காலத்தையும் விரயம் செய்யலாமா?' என்று வீட்டுப் பெரியவர்கள் கடிந்துகொள்வதுண்டு. தலைமையாசிரியனாக இருந்த நாளில் நானும் என் மாணவர்களை அவ்வாறு கேட்டவன்தான். பின்னர் ஒரு படத்தின் வரலாற்றை அறிந்தபோது, அக்கேள்வியைத் திருத்திக்கொள்ள நேர்ந்தது. எத்தனை முறை பார்த்தாய் என்று கேட்பதினும், முழுமையாகப் பார்த்தாயா என்று கேட்பதே தகும் என்று எனக்குத் தோன்றியது. அந்த வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

அமெரிக்க நாட்டில் ஃபாரஸ்ட் ஆக்கர்மன் என்று ஒருவர் இருந்தார். 1916 ஆம் ஆண்டில் பிறந்தவர். விஞ்ஞானக் கற்பனைக் கதைகளிலும் படங்களிலும் தீராத மோகம் கொண்டு, அவை தொடர்பான நூல்களையும் பொருள்களையும் வாழ்நாள் முழுவதும் சேகரித்தவர். 'சயின்ஸ் ஃபிக்ஷன்' என்பதைச் சுருக்கிச் 'சை-ஃபை' என்று வழங்கும் வழக்கை 1954 இல் தொடங்கி வைத்தவர் அவரே என்பர். அவர் எல்லாப் படங்களுக்கும் மேலாகப் போற்றிய படம், ஜெர்மனியில் 1927 இல் வெளிவந்த 'மெட்ரோபொலிஸ்' என்னும் ஊமைப்படம். அதனை ஏறத்தாழ நூறு முறை பார்த்ததாக அவர் கூறியிருக்கிறார். அப்படத்தில் வரும் இயந்திரப் பெண்ணின் உருவத்தைப் போன்ற ஒன்றைச் செய்வித்துத் தம் சேகரத்தில் வைத்திருந்தார்.

நூறு முறை பார்த்தவருக்கு அப்படத்தில் தெரியாத காட்சி எதுவும் இருக்குமா? இருந்தது. அப்படத்தின் நான்கில் ஒரு பங்கு அவர் கண்ணில் படவே இல்லை. குறை அவருடையதன்று. உலகெங்கும் கொட்டகைகளில் ஓடிய பிரதிகளில் அப்பகுதி இல்லை. அது எங்குமே இல்லாது அழிந்துபோயிற்று என்றுதான் அறிஞர்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தனர்.

முதலில் படத்தைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். அதை இயக்கியவர் 1890 இல் வியன்னா நகரில் பிறந்த ஃபிரிட்ஸ் லாங். கதை வசனம் எழுதியவர் அவருடைய மனைவி தேயா ஃபான் ஹார்போ. வருங்காலத்து மாநகர் ஒன்றில் கதை நிகழ்கிறது. வானளாவிய மாடங்களில் செல்வர்கள் களித்திருக்க, நிலத்திற்கு அடியில் தொழிலாளர்கள் இயந்திரங்களோடு இயந்திரங்களாக உழல்கின்றனர். நகரை ஆளும் பிரெடர்சனின் மகன், அடித்தளத்து மக்களின் துயரைக் கண்டு மனம் மாறுகிறான். அம்மக்களுக்குப் பொறுமையை எடுத்துரைப்பவள் மரியா என்னும் மங்கை. ரோட்வாங் என்னும் விஞ்ஞானி, மரியாவின் சாயலில் இயந்திரப் பெண் ஒன்றைப் படைத்து விடுகிறான். மரியாவாகவும் இயந்திரப் பெண்ணாகவும் பிரிகிட்டே ஹெல்ம் என்னும் ஒரே நடிகை நடித்தார்.

படப்பிடிப்பு 1925 மே மாதம் தொடங்கி 1926 அக்டோபர் வரை நீடித்தது. ஊஃபா என்னும் ஜெர்மானியப் படக் கம்பெனி ஐம்பது லட்சம் மார்க்குக்கு மேல் இதில் செலவிட்டது. கணிப்பொறி என்பதையே கேள்விப்படாத அக்காலத்தில் மாநகரின் மாடங்களை எப்படிக் காட்டினார்கள்? காமிராவுக்கு முன்னே முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைச் சாய்வாக நிறுத்தினர். சிறிய அளவில் செய்த மாளிகை மாதிரிகள் அதில் பிரதிபலித்தன. கண்ணாடியின் பின்புறத்து ரசத்தை வேண்டிய இடத்தில் மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடைவெளியின் வழியே அப்பால் நின்ற நடிகர்களைப் படம் பிடித்தனர். மாதிரியும் மனிதரும் ஒரே சட்டத்தில் ஒன்றாகப் பதிந்தனர். இம்முறையை வகுத்த ஒளிப்பதிவாளர் ஷூஃப்டன் பெயராலேயே அது இன்றும் வழங்குகிறது.

1927 ஜனவரி 10 ஆம் நாள் பெர்லின் நகரில் படம் முதன்முறையாகத் திரையிடப்பட்டது. அப்போது அதன் நீளம் 4189 மீட்டர். ஓடும் நேரம் ஏறத்தாழ 153 நிமிடம். எதிர்பார்த்த வசூல் வரவில்லை. ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் அதனைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். ஊஃபா கம்பெனியோ முன்பே கடனில் மூழ்கி, 1925 இன் இறுதியில் பாரமவுண்ட், மெட்ரோ கோல்ட்வின் மேயர் ஆகிய அமெரிக்கக் கம்பெனிகளோடு ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தது. அமெரிக்க வெளியீட்டுக்காகப் படத்தைச் சுருக்கும் பணி சானிங் போலக் என்னும் நாடகாசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆயிரம் மீட்டருக்கு மேல் கத்தரிக்கு இரையாயிற்று. அதே ஆண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியிலும் சுருக்கிய பிரதியே புழக்கத்திற்கு வந்தது.

வெட்டப்பட்டவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டுகிறேன். கதையில் ஹெல் என்று ஒருத்தி உண்டு. ரோட்வாங் அவளைக் காதலித்தான். அவளோ பிரெடர்சனை மணந்து, மகனைப் பெற்றெடுத்து மாண்டாள். இழந்தவளை மீண்டும் படைத்துக்கொள்ளும் ஏக்கத்தினாலேயே ரோட்வாங் இயந்திரப் பெண்ணைச் செய்யத் தொடங்கினான். ஹெல் என்னும் பெயர் ஆங்கிலத்தில் நரகம் என்னும் சொல்லைப் போல ஒலிக்கிறது என்று கருதி, அவளைப் பற்றிய பகுதியை அடியோடு நீக்கிவிட்டனர். விளைவு என்ன? துயரத்தால் நிலை குலைந்த மனிதன் வெறும் பித்தனாகத் தோன்றினான். காரியம் எஞ்சியது, காரணம் மறைந்தது. வரலாறு பயிலும் மாணவர்கள் இதனை நன்கு கருதிப் பார்க்க வேண்டும். காரணம் கிழிபட்ட ஏட்டைப் படிப்பவர், அந்நாளைய மனிதர்களை மூடர் என்று எண்ணிவிடுவது எளிது.

வெட்டிய சுருள்கள் எங்கே போயின? அக்காலத்துப் படச்சுருள் நைட்ரேட் என்னும் பொருளால் ஆனது, எளிதில் தீப்பற்றும், நாளடைவில் தானே சிதைந்து பொடியாகும். பேசும் படங்கள் வந்தபின் ஊமைப்படங்களை எவரும் மதிக்கவில்லை. சுருளில் படிந்துள்ள வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காகவே பல படங்களை அழித்தனர். 'மெட்ரோபொலிஸ்' குறையோடு உலவி வந்தது. குறையோடு கண்டவர்களே அதன்மீது அத்துணைக் காதல் கொண்டனர் என்பது வியப்பன்றோ? 1984 இல் இசையமைப்பாளர் ஜியார்ஜியோ மொரோடர் அதற்கு வண்ணம் ஏற்றி, புதுக்காலப் பாடல்களைச் சேர்த்து வெளியிட்டபோது, புதிய தலைமுறை இளைஞரும் கொட்டகைக்குச் சென்று பார்த்தனர்.

இடையிடையே ஓலைகள் செல்லரித்துப்போன சுவடியைப் பதிப்பிக்கும் புலவர், உரைகளையும் மேற்கோள்களையும் துணைக்கொண்டு விடுபட்டதை ஊகிப்பார். மியூனிக் நகரத்துத் திரைப்படக் காப்பகத்தில் என்னோ பட்டாலாஸ் என்பவர் 1980 களில் இப்படத்திற்கு அத்தகைய பணியைச் செய்தார். அவருக்குக் கிடைத்த சான்றுகள் சில. திரையிடும்போது வாசிப்பதற்காகக் கோட்ஃபிரீட் ஹூப்பெர்ட்ஸ் அமைத்த இசைக் குறிப்பில், எந்தக் காட்சிக்கு எந்த இசை என்று ஆயிரத்துக்கு மேற்பட்ட குறிப்புகள் எழுதப்பட்டிருந்தன. திரையில் தோன்றிய எழுத்து அட்டைகள் அனைத்தையும் தணிக்கை அலுவலகம் படியெடுத்து வைத்திருந்தது. இவற்றால் எந்த இடத்தில் என்ன இருந்தது என்பது தெரிந்தது. ஆனால் காட்சி இல்லை. 2001 இல் சீர்செய்து வெளியிட்ட பிரதியில், காணாமற்போன இடங்களில் கதையை எழுத்தால் மட்டுமே தெரிவித்தனர். அதே ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் தன் உலக நினைவுப் பதிவேட்டில் இப்படத்தைச் சேர்த்தது.

இனி, ஜெர்மனியை விட்டுத் தென் அமெரிக்கா செல்வோம். 1928 இல், அர்ஜென்டினா நாட்டுப் பட வினியோகஸ்தர் அடால்ஃபோ வில்சன், வெட்டப்படாத பிரதி ஒன்றைப் புவெனஸ் ஐரிஸ் நகருக்குக் கொண்டு சென்றிருந்தார். அது பின்னர் மானுவல் பெனியா ரொட்ரிகஸ் என்னும் திரைப்பட விமரிசகரின் சேகரத்தை அடைந்தது. 1960 களில் அந்நாட்டுக் கலை நிதியத்திடம் சென்றது. தீப்பற்றும் சுருளை வைத்திருக்க அஞ்சி, அதிலிருந்து 16 மில்லிமீட்டர் அகலமுள்ள சிறிய சுருளில் படியெடுத்தனர். மூலம் மறைந்தது, படி எஞ்சியது. அந்தப் படி 1992 இல் நகரத்துத் திரைப்பட அருங்காட்சியகத்தின் அலமாரிக்கு வந்து சேர்ந்தது. அதன் அருமையை எவரும் அறிந்திலர்.

அறியவைத்தது ஒரு ரசிகரின் முறையீடு. அவர் அந்நகரில் திரைப்படக் கழகம் நடத்தியவர். முன்னொரு காலத்தில் இப்படத்தைத் தாமே திரையிட்டபோது, பழைய சுருள் கருவியில் நில்லாமல் துள்ளியதால், இரண்டு மணி நேரத்திற்கும் மேலாகத் தம் விரலால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டே நிற்க நேர்ந்தது என்று அவர் அலுத்துக்கொண்டார். அதைக் கேட்டவர் ஃபெர்னாண்டோ பெனியா என்னும் திரைப்பட வரலாற்றாசிரியர். மற்றவர்களாயின் சிரித்துவிட்டுப் போயிருப்பர். அவரோ கணக்குப் பார்த்தார். உலகம் அறிந்த பிரதிகள் அத்துணை நேரம் ஓடா. அங்ஙனமாயின் விரல் நொந்தவர் திரையிட்டது எந்தப் பிரதி? இந்த ஒரு வினாவை அவர் நெடுங்காலம் மனத்தில் சுமந்திருந்தார். 2008 இல் பவுலா ஃபெலிக்ஸ் டிடியர் என்னும் அம்மையார் அருங்காட்சியகத்தின் தலைவரானபின், இருவரும் சேர்ந்து பெட்டிகளைத் திறந்தனர். காணாமற்போன காட்சிகள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. ஹெல்லின் நினைவுச் சிலையும் அவற்றுள் ஒன்று. அவ்வாண்டு ஜூலையில் உலகம் செய்தி அறிந்தது.

2010 பிப்ரவரி 12 ஆம் நாள், பெர்லினில் முழு வாத்தியக் குழுவின் இசையோடு படம் மீண்டும் அரங்கேறியது. ஏறத்தாழ 25 நிமிடக் காட்சிகள் திரும்பக் கிடைத்திருந்தன. பழைய சுருளிலிருந்த கீறல்கள் எல்லாம் படியிலும் பதிந்துவிட்டமையால், அக்காட்சிகளில் மழைத்தாரை போலக் கோடுகள் ஓடுகின்றன. ஓரம் வெட்டுண்ட பகுதியைக் கருமையாகவே விட்டுவைத்தனர். ஒட்டுப்போட்டதை மறைக்க முயலாத அந்த நேர்மையே எனக்கு மிகவும் பிடித்தது. எது என்றும் இருந்தது, எது மீண்டு வந்தது என்பதைப் பார்ப்பவர் தம் கண்ணாலேயே அறியலாம். ரோட்வாங்கும் பிரெடர்சனும் கைகலக்கும் காட்சி போன்ற சில அப்போதும் கிடைக்கவில்லை. அவற்றை எழுத்தால் மட்டுமே சொல்லியிருக்கிறார்கள்.

ஆக்கர்மன் என்ன ஆனார் என்று நீங்கள் கேட்பீர்கள். 2008 ஜூலையில் செய்தி வந்தபோது அவர் உயிரோடிருந்தார். அவ்வாண்டு டிசம்பர் 4 ஆம் நாள் தம் 92 ஆம் வயதில் காலமானார். நிறைவு பெற்ற படம் திரைக்கு வந்தபோது அவர் இல்லை. நூறு முறை பார்த்தவருக்கு நூற்றோராவது முறை கிட்டவில்லை. இதை எண்ணும்போது என் மனம் கனக்கிறது.

ஆயினும் அவரைப் போன்றவர்களின் காதல் வீணாகவில்லை. எவரும் மீண்டும் பார்க்க விரும்பாத படத்தை எவரும் தேடமாட்டார். மீண்டும் மீண்டும் கொட்டகைக்குச் சென்றவர்களே அப்படத்தை உலகம் மறவாமல் காத்தனர். திரைப்படக் கழகத்தார் விரலால் சுருளைப் பிடித்து நின்றதும் அந்த ஆசையினால்தான். அதனோடு ஒரு வரலாற்றாசிரியரின் கூர்மையான செவியும் சேர்ந்தபோது இழந்தது மீண்டது. அன்பும் ஆராய்ச்சியும் கைகோக்க வேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று ஏது?

மாணவர்களே, உங்களுக்குப் பிடித்த படத்தை மீண்டும் பாருங்கள். நான் இனிக் கடிந்துகொள்ள மாட்டேன். பார்க்கும்போது ஒரு சிறு குறிப்பேட்டில் நாளும், கொட்டகையின் பெயரும், படம் ஓடிய நேரமும் எழுதி வையுங்கள். முன்பு பார்த்ததற்கும் இப்போது பார்ப்பதற்கும் வேற்றுமை தென்பட்டால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரியவர் ஒருவர் பழைய கதையைச் சொல்லி அலுத்துக்கொண்டால் பொறுமையாகக் கேளுங்கள். இரண்டு மணி நேரம் விரல் நொந்தது என்ற ஒரு சொல்லில் 25 நிமிடக் காட்சிகள் ஒளிந்திருந்தன அல்லவா?