செஞ்சோற்றுக் கடனும் மனச்சாட்சியும்

கோயம்புத்தூரிலிருந்து அவினாசிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், விசைத்தறியின் ஓசை பகலிரவாக ஒலிக்கும் சோமனூருக்கு அருகே, கருமத்தம்பட்டி அமைந்திருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவம் வேரூன்றிய அவ்வூரின் ஜெபமாலை மாதா ஆலயம் கொங்கு நாடெங்கும் பிரசித்தி பெற்றது. ஜெபமாலைத் திருநாளோ, 1571 அக்டோபர் 7ஆம் தேதி லெப்பாந்தோ கடற்போரில் கிட்டிய வெற்றியின் நினைவாக ஏற்பட்டது. ஆலயத்துக்குச் சில மைல் தூரத்தில் சூலூர் விமானத் தளம் இருக்கிறது. பிரார்த்தனையும் யுத்தமும் இவ்வாறு அண்டை அயலாக வாழும் மண்ணில் நின்று, ஆயுதம் ஏந்தியவனின் கடமை எதுவரை செல்லும் என்னும் பழைய வினாவை ஆராய்வது பொருத்தமே.

1939 செப்டம்பர் 3ஆம் தேதி, மக்களின் பிரதிநிதிகள் ஒருவரையும் கலந்தாலோசிக்காமல், வைஸ்ராய் லின்லித்கோ பிரபு இத்தேசத்தை உலக யுத்தத்தில் இறக்கினார். அதை ஏற்க இயலாமல் சென்னையில் ராஜாஜியின் மந்திரிசபை அக்டோபரில் ராஜிநாமாச் செய்தது. அடுத்த ஆண்டு அக்டோபர் 17ஆம் தேதி வினோபா பாவே தொடங்கிவைத்த தனிநபர் சத்தியாக்கிரகம், ஆளாலோ பொருளாலோ அந்த யுத்தத்துக்கு உதவுவது தவறு என்று பகிரங்கமாகச் சொல்லிச் சிறை புகும் அறப்போராக நாடெங்கும் பரவியது. ராஜாஜி டிசம்பரில் சிறை சென்றார். கொங்கு நாட்டுத் தொண்டர்களும் சென்றனர். 1942 ஆகஸ்டில் தலைவர்கள் பலரும் கைதான பிறகு மக்களின் பொறுமை அறுந்தது. அம்மாதம் 26ஆம் தேதி சுற்றுவட்டாரக் கிராமத்தார் திரண்டு சென்று சூலூர் விமானத் தளத்துக்குத் தீ வைத்தனர். அதற்கு விலையாகப் போலீஸ் அடக்குமுறையையும் சிறைவாசத்தையும் அனுபவித்தனர்.

இவர்கள் யாவரும் சீருடை அணியாத குடிமக்கள். சம்பளத்தாலும் சத்தியப் பிரமாணத்தாலும் அரசுக்குக் கட்டுண்டு நிற்கும் சிப்பாய், தன் மனம் ஒப்பாத ஆக்ஞை பிறக்கும்போது என் செய்வான்?

தமிழ் மரபு இவ்வினாவைச் செஞ்சோற்றுக் கடன் என்னும் சொல்லால் நெடுங்காலமாக அறிந்திருக்கிறது. கம்பனின் கும்பகர்ணன், தமையன் செய்தது அதர்மம் என்று அவன் முகத்துக்கு நேரே இடித்துரைத்தும், வளர்த்தவனைக் கைவிட மனமின்றி அவனுக்காகவே போரிட்டு மடிகிறான்; வீடணனோ அதே அறத்தை உணர்ந்து அவனை விட்டு நீங்குகிறான். கவி இருவருக்கும் பெருமை தந்தான். ஆனால் நம் மக்கள் கும்பகர்ணனுக்காகக் கண்ணீர் விட்டு, வீடணன் பெயரைக் காட்டிக்கொடுப்பவனுக்குரிய வசையாக்கிவிட்டார்கள்.

இந்த வழக்கை மறு விசாரணைக்குக் கொண்டுவந்த சம்பவம் 1930 ஏப்ரல் 23ஆம் தேதி பெஷாவரில் நிகழ்ந்தது. கான் அப்துல் கபார் கானும் பிற தலைவர்களும் கைதான செய்தி கேட்டுக் கிஸ்ஸா கவானி கடைத்தெருவில் மக்கள் திரண்டனர். துருப்புகளின் துப்பாக்கிப் பிரயோகத்தில் மாண்டவர் பலர். அந்நகருக்கு அனுப்பப்பட்டிருந்த கார்வால் துப்பாக்கிப் படையின் ஒரு பகுதியினர், ஹவில்தார் சந்திர சிங்கின் தலைமையில், நிராயுதபாணிகளான தம் தேசத்தாரைச் சுட மறுத்துவிட்டனர். சந்திர சிங் முதல் உலகப் போரில் பிரான்ஸிலும் மெசபொட்டேமியாவிலும் பணியாற்றிய அனுபவசாலி. ஆகவே அந்த மறுப்பு கோழைத்தனத்தில் பிறந்ததன்று. இராணுவ நீதிமன்றத்தில் பாரிஸ்டர் முகுந்தி லால் அவர்களுக்காக வாதாடினார். பதினேழு பேர் தண்டிக்கப்பட்டனர். ஆயுள் தண்டனை பெற்ற சந்திர சிங் 1941இல்தான் விடுதலை கண்டார்.

1931 மார்ச்சில் காந்தி-இர்வின் ஒப்பந்தம் கையெழுத்தாகிச் சத்தியாக்கிரகக் கைதிகள் விடுதலையானபோதும், ஆக்ஞைக்குக் கீழ்ப்படியாத சிப்பாய்களுக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. காந்தியடிகளே ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையாளரிடம் பேசியபோது, சுட மறுத்த சிப்பாய் தன் பிரதிக்ஞையை மீறியவன் என்றும், இன்று கீழ்ப்படியாதே என்று தாம் உபதேசித்தால் நாளை சுயராஜ்யத்திலும் அவ்வாறே நேரும் என்றும் கருத்துத் தெரிவித்தார். மகாத்மாவின் வாக்காயினும், பணிவுடன் மறுக்க வேண்டிய வாக்கு இது. கார்வாலிகள் ஆயுதத்தைத் தம் அதிகாரிகள் மீது திருப்பவில்லை, தப்பியோடவுமில்லை, மறுத்த குற்றத்துக்குரிய தண்டனையைத் தம் தலைமேல் தாங்கினார்கள். சத்தியாக்கிரகத்துக்கு அடிகள் வகுத்த இலக்கணம் இதைத் தவிர வேறென்ன?

செஞ்சோற்றுக் கடன் என்பதையும் ஊன்றி நோக்குவோம். சிப்பாய் உண்ட சோறு யார் தந்தது? வைஸ்ராயின் களஞ்சியத்தில் விளைந்ததன்று. உழவனின் நிலவரியிலும், உப்புக்கும் துணிக்கும் ஏழை கொடுத்த காசிலும் வந்தது. அந்தக் கடைத்தெருவில் வெறுங்கையுடன் நின்றவர்களே அவனுக்கு அன்னமிட்டவர்கள். ஆகையால் துப்பாக்கியைத் தாழ்த்தியவன் சோற்றுக் கடனை மறந்தவனல்லன். அக்கடன் யாருக்கு உரியதோ அவர்களிடமே செலுத்தியவன்.

உலகமும் காலந்தாழ்த்தி இம்முடிவுக்கு வந்தது. மேலதிகாரியின் ஆக்ஞை என்பதனால் மட்டும் குற்றவாளி தப்ப முடியாது என்று நியூரெம்பர்க் நீதிமன்றம் 1946இல் தீர்ப்பளித்தது. ஹிட்லரின் படையில் ஆயுதமேந்த மறுத்து 1943 ஆகஸ்டு 9ஆம் தேதி சிரச்சேதம் செய்யப்பட்ட ஆஸ்திரிய விவசாயி பிரான்ஸ் யேகர்ஷ்டெட்டருக்கு, 2007இல் கத்தோலிக்கத் திருச்சபை முத்திப்பேறு பெற்றவர் என்னும் பட்டம் அளித்தது. கடற்போர் வெற்றியைத் திருநாளாகக் கொண்டாடிய அதே திருச்சபை, போரை மறுத்த ஓர் உழவனையும் பீடத்தில் ஏற்றிவிட்டது.

சந்திர சிங் கார்வாலி 1979 அக்டோபர் 1ஆம் தேதி காலமானார்; 1994இல் இந்திய அரசு அவர் உருவம் தாங்கிய அஞ்சல் தலையை வெளியிட்டது. போரில் மடிந்த வீரனுக்குக் கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் நடுகல் உண்டு. நிராயுதபாணியைச் சுட மறுத்தவனுக்கு அங்கே கல் நடப்படவில்லை. கல் நடுவது பிறகு ஆகட்டும். வீரர்களின் சரித்திரத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, கொல்ல மறுத்தவனையும் வீரன் என்றே சொல்லிக் கொடுப்போமாக.