விளையும் பயிர் முளையிலே தெரியுமா?



ஒரு விளையாட்டாளரின் தரத்தை முதல் சில ஆட்டங்களிலேயே கண்டுகொள்ளலாம் என்று எதிரணியினர் வாதிட்டார்கள். அதற்கு இரண்டு பழமொழிகளைச் சாட்சிக்கு அழைத்தார்கள். ஒன்று, 'விளையும் பயிர் முளையிலே தெரியும்'. மற்றொன்று, 'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்'. இரண்டும் நம் முன்னோர் அனுபவித்துச் சொன்னவை. அவற்றை நான் மறுக்கப் போவதில்லை. பானைக்குச் சொன்னதை மனிதனுக்குப் பொருத்தலாமா என்று மட்டும் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போம்.

முதலில் சென்னைக்குப் போவோம். 1988 ஜனவரி மாதம், சேப்பாக்கம் மைதானம். இந்தியாவை எதிர்த்து ஆடுவது விவியன் ரிச்சர்ட்ஸ் தலைமையிலான மேற்கிந்தியத் தீவுகள் அணி. அன்று முதன்முதலாக டெஸ்ட் போட்டியில் காலெடுத்து வைத்தார் 19 வயது நரேந்திர ஹிர்வானி. முதல் இன்னிங்ஸில் 61 ஓட்டங்களுக்கு 8 விக்கெட், இரண்டாவதில் 75 ஓட்டங்களுக்கு 8 விக்கெட். ஆக, 136 ஓட்டங்களுக்கு 16 விக்கெட். அறிமுகப் போட்டியில் இதைவிடச் சிறந்த பந்துவீச்சை இன்றுவரை எவரும் காட்டவில்லை. அடுத்து நியூசிலாந்துக்கு எதிரான மூன்று போட்டிகளில் மேலும் 20 விக்கெட். நான்கே போட்டிகளில் 36! இப்படி ஒரு முளையைப் பார்த்தால் விளைச்சலைப் பற்றி யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

ஆனால் நடந்தது என்ன? அடுத்த 13 போட்டிகளில் அவர் எடுத்தது 30 விக்கெட்தான். மொத்தம் 17 டெஸ்ட், 66 விக்கெட். அத்துடன் கணக்கு முடிந்தது. திறமை இல்லாதவர் என்று நான் சொல்லவில்லை. அந்த முதல் நான்கு போட்டிகளும் இந்திய மண்ணில் நடந்தவை. சேப்பாக்கம் ஆடுகளம் அன்று சுழற்பந்துக்கு விருந்து வைத்தது. விக்கெட் காப்பாளர் கிரண் மோரே இரண்டாவது இன்னிங்ஸில் மட்டும் ஐந்து பேரை ஸ்டம்பிங் செய்தார். 16 என்ற எண்ணுக்குள் ஹிர்வானியின் விரல்களோடு சேப்பாக்கத்து மண்ணும், மோரேயின் கைகளும், எதிரணியின் தடுமாற்றமும் கலந்திருந்தன. பட்டியலில் ஏறியதோ ஒரே ஒரு பெயர்.

இதற்கு முன் 1972இல் இலண்டன் லார்ட்ஸ் மைதானத்திலும் இதேதான் நடந்தது. ஆஸ்திரேலியாவின் பாப் மாசி அறிமுகப் போட்டியில் 137 ஓட்டங்களுக்கு 16 விக்கெட் எடுத்தார். அவர் ஆடியதோ மொத்தம் ஆறே டெஸ்ட்.

நம் தமிழ்ப் பிள்ளை ஒருவரின் கதையையும் கேளுங்கள். சென்னையின் லட்சுமண் சிவராமகிருஷ்ணன் 1983இல், 17 வயதில் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடினார். முதல் போட்டியில் விக்கெட் எதுவும் இல்லை. 1984 இறுதியில் இங்கிலாந்து அணி வந்தபோது பம்பாயில் இரண்டு இன்னிங்ஸிலும் ஆறு ஆறு, அடுத்து டெல்லியில் ஆறு. தொடர்ந்து மூன்று இன்னிங்ஸில் 18 விக்கெட்! நாடே அவரைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டது. அதன்பின் அந்த உயரத்தை அவரால் தொட முடியவில்லை. 1986 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் கடைசி டெஸ்ட் ஆடியபோது அவருக்கு வயது 20. மொத்தம் ஒன்பது போட்டிகள், 26 விக்கெட். அந்த மூன்று இன்னிங்ஸை நீக்கினால், மற்ற எல்லாவற்றிலும் சேர்த்து எட்டு மட்டுமே.

நடுவர் அவர்களே, மூன்று இன்னிங்ஸை வைத்து அவரை மாமேதை என்றார்கள். அதற்குப் பிறகு வந்த சில இன்னிங்ஸை வைத்து முடிந்துபோனவர் என்றார்கள். இரண்டு தீர்ப்புக்கும் போதிய சாட்சி இல்லை. இருபது வயதில் ஒரு சுழற்பந்து வீச்சாளரின் கதையை முடித்து வைப்பது, பூ விட்டதுமே மரத்தை வெட்டுவது போன்றது.

இப்போது கடல் கடந்து இலங்கைக்கு வருவோம். நம்மைப் போலவே தோட்டத்துக்கு வந்த தமிழர்களின் வழியில் வந்தவர் கண்டியின் முத்தையா முரளிதரன். 1992 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக அவரது முதல் டெஸ்ட். கொடுத்த ஓட்டங்கள் 141, எடுத்த விக்கெட் 3. அதாவது ஒரு விக்கெட்டுக்கு 47 ஓட்டங்கள். அன்றே ஏடு மூடப்பட்டிருந்தால் அவர் சாதாரணத்துக்கும் கீழே. 2010 ஜூலையில் காலி மைதானத்தில் ஓய்வுபெற்றபோது அவர் கணக்கில் 133 டெஸ்ட், 800 விக்கெட். விக்கெட்டுக்குக் கொடுத்தது 23 ஓட்டங்களுக்கும் குறைவு. உலகில் இன்றுவரை அவரை யாரும் முந்தவில்லை.

அதே இலங்கையில் மார்வன் அட்டபட்டு என்ற மட்டையாளர். 1990க்கும் 1994க்கும் இடையே மூன்று டெஸ்ட் ஆடினார். ஆறு இன்னிங்ஸில் எடுத்த ஓட்டங்கள் 0, 0, 0, 1, 0, 0. ஆறு முறை களமிறங்கி ஒரே ஓட்டம்! நம் ஊரில் என்றால் அந்தப் பையனைத் திடல் பக்கமே வரவிட மாட்டோம். பின்னர் மீண்டும் வாய்ப்புக் கிடைத்தது. 90 டெஸ்டில் 5,502 ஓட்டங்கள் எடுத்தார். அவற்றில் இரட்டைச் சதங்கள் மட்டும் ஆறு. அணிக்குத் தலைவராகவும் இருந்தார்.

இவையெல்லாம் விதிவிலக்குகள் என்று எதிரணி நண்பர்கள் சொல்லலாம். நியாயமான கேள்வி. பொறுக்கியெடுத்த நான்கைந்து கதைகளை வைத்துத் தீர்ப்புச் சொன்னால், நான் எதைக் குறை சொல்கிறேனோ அதையே நானும் செய்தவன் ஆவேன். ஆகவே முறையாக எடுத்த ஒரு கணக்கைச் சொல்கிறேன். அது அமெரிக்காவில், பேஸ்பால் விளையாட்டில் எடுத்தது. நம் பள்ளிகளில் ஆடும் சாஃப்ட்பாலுக்கு அண்ணன் என்று பேஸ்பாலைச் சொல்லலாம். பந்தை நூறு முறை எதிர்கொண்டால் எத்தனை முறை சரியாக அடித்தார் என்பதே அங்கு மட்டையாளரை அளக்கும் கோல்.

பிராட்லி எஃப்ரான், கார்ல் மோரிஸ் என்ற இரு புள்ளியியல் அறிஞர்கள் 1970ஆம் ஆண்டுப் பருவத்தில் 18 ஆட்டக்காரர்களை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவருக்கும் முதல் 45 வாய்ப்புகளில் கிடைத்த பலன் என்ன, பருவத்தின் மீதி முழுவதிலும் கிடைத்த பலன் என்ன என்று ஒப்பிட்டார்கள். முதலிடத்தில் இருந்தவர் ரோபர்ட்டோ கிளமெண்டி, நூற்றுக்கு 40. மீதிப் பருவத்தில் அவர் 34.6க்கு இறங்கினார். கடைசிக்கு முந்திய இடத்தில் இருந்தவர் புதியவரான தர்மன் மன்சன், நூற்றுக்கு 17.8 மட்டுமே. மீதிப் பருவத்தில் அவர் 31.6! பதினெட்டுப் பேரில் இரண்டாம் இடம். அந்த ஆண்டின் சிறந்த புதுமுக வீரர் விருதும் அவருக்கே கிடைத்தது.

அவர்கள் இன்னொன்றும் செய்து பார்த்தார்கள். பதினெட்டுப் பேரின் பொதுச் சராசரி 26.5. ஒவ்வொருவரின் தொடக்க எண்ணையும் அந்தச் சராசரியை நோக்கிப் பெரிதும் இழுத்துவிட்டு, பிறகு மதிப்பிட்டார்கள். தொடக்க எண்ணை அப்படியே நம்பியதில் வந்த மொத்தப் பிழை, இந்த முறையில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்தது. தனி ஒருவருக்கு இது தவறலாம். எல்லாருக்கும் சேர்த்துப் பார்த்தால் நிதானமே வென்றது.

ஏன் இப்படி? ஒரு நாணயத்தைப் பத்து முறை சுண்டுங்கள். ஏழோ அதற்கு மேலோ தலை விழுவதற்கு ஆறில் ஒரு வாய்ப்பு உண்டு. நூறு முறை சுண்டினால், எழுபதோ அதற்கு மேலோ விழுவது ஏறக்குறைய 25,000 தடவையில் ஒரு தடவைதான் நடக்கும். நாணயம் அதே நாணயம்தான். எண்ணிக்கை சிறிதாக இருக்கும்போது அதிர்ஷ்டம் உரக்கப் பேசும். எண்ணிக்கை பெருகப் பெருக அதன் குரல் அடங்கும்.

இப்போது நம் பானைக்கு வருவோம். ஒரு சோறு ஏன் பதம் சொல்கிறது? எல்லா அரிசியும் ஒரே நீரில், ஒரே நெருப்பில், ஒரே நேரம் வெந்தது. கரண்டி போட்டுக் கிளறியும் விட்டோம். அதனால் எந்தச் சோற்றை எடுத்தாலும் பானையின் நிலை தெரியும். விளையாட்டாளனின் ஆட்டங்கள் அப்படியா? இன்று ஒரு மண், நாளை ஒரு மண். இன்று பலமான எதிரி, நாளை பலமற்ற எதிரி. இன்று உடல் நலம், நாளை காய்ச்சல். முதல் ஆட்டம் என்பது வேகாத பானையின் மேல்மட்டத்து அரிசி. பழமொழியில் பிழையில்லை, அதை வைத்த இடத்தில்தான் பிழை.

அப்படியானால் தொடக்கத்தைப் பார்க்கவே கூடாதா? பார்க்கலாம், அதுவும் ஒரு சாட்சிதான். மேலே சொன்ன பதினெட்டுப் பேரில் முதலிடக்காரர் மீதிப் பருவத்திலும் முதலிடத்தில்தான் இருந்தார், கடைசி இடத்தவரும் கடைசியிலேயே இருந்தார். நம் பினாங்கின் நிக்கோல் டேவிட் 1999இல் பதினைந்து வயதில் உலக இளையோர் சுவர்ப்பந்து விருதை வென்றார்; பின்னர் எட்டு முறை உலக வெற்றியாளரானார். முளை பொய் சொல்லவில்லை. ஆனாலும் அந்த முளைக்கும் விளைச்சலுக்கும் நடுவே அவர் நெதர்லாந்துக்குச் சென்று பெற்ற பயிற்சியும் இருந்தது, காத்திருந்த ஆண்டுகளும் இருந்தன. முதல் உலக விருது கைக்கு வந்தது 2005இல்தான்.

பெற்றோர்களே, பயிற்சியாளர்களே, இது தொலைதூரத்துக் கிரிக்கெட் கதை மட்டும் அல்ல. ஒரே ஒரு காலைத் தேர்வில் இருபது நிமிடம் ஓடவிட்டு, இவன் தேறுவான், இவன் தேற மாட்டான் என்று பிரிக்கிறோம். தோட்டத்திலிருந்தும் அடுக்குமாடியிலிருந்தும் வரும் பிள்ளைக்கு இரண்டாவது வாய்ப்பு என்பது எளிதில் கிடைப்பதில்லை. வசதியுள்ள பிள்ளை தனிப் பயிற்சிக்குப் போய் மறு ஆண்டு திரும்பி வருவான். வசதியில்லாத பிள்ளை காலணியைக் கழற்றி வைத்துவிடுவான். அவசரத் தீர்ப்பின் விலையை எல்லாரும் ஒரே அளவில் கொடுப்பதில்லை என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஆகவே ஒரு பிள்ளையைப் பற்றி யாராவது எண்ணிக்கை சொன்னால், மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை ஆட்டத்தில்? யாருக்கு எதிராக? எந்தத் திடலில்? இந்த மூன்றுக்கும் விடை வரும்வரை ஏட்டைத் திறந்தே வைத்திருங்கள். இலங்கை ஏட்டைத் திறந்து வைத்ததால்தான் 3 என்று தொடங்கிய கணக்கு 800இல் முடிந்தது.