கோல நோட்டு: சில குறிப்புகள்

தினம் ஒரு படம் வரைந்தால் மனச்சோர்வு நீங்கும், வாழ்க்கைமேல் பிடிப்பு வரும் என்கிற பேச்சு இப்போது அதிகமாகியிருக்கிறது. பெரியவர்கள் வண்ணம் தீட்டுவதற்கான புத்தகங்கள் 2015 வாக்கில் உலகமெங்கும் லட்சக்கணக்கில் விற்றன. சரி, இருக்கட்டும். சேலம், நாமக்கல் பக்கத்திலிருந்து இந்தச் சொல்லாடலைக் கேட்கிறவனுக்கு ஒரு கேள்வி வருகிறது. விடிவதற்கு முன்பே எழுந்து வாசல் தெளித்துத் தினமும் வரைந்துகொண்டிருக்கிற பெண்களை எந்தக் கணக்கில் வைப்பது?

ஓவிய வரலாறு அவர்களைச் சேர்க்கவில்லை. மோகனூரில் 1888இல் பிறந்த ராமலிங்கம் பிள்ளை, ஓவியராக இருந்து நாமக்கல் கவிஞர் ஆனவர். அவருக்குப் பெயர் உண்டு, தன்வரலாறு உண்டு. அதே ஊர்த் தெருவில் கோலம் போட்ட கைகளுக்கு எதுவும் இல்லை. மதியத்துக்குள் மிதிபட்டு அழிகிற பிரதிக்கு ஆசிரியர் எதற்கு என்று நம் கோட்பாட்டு நண்பர்கள் மகிழக்கூடும். பெயர் வேண்டாமென்று அவள் எப்போது சொன்னாள்?

பழமை வேண்டுமென்றால் ஆண்டாளிடம் போகலாம். நாச்சியார் திருமொழி தொடங்குவதே தரையில் மண்டலம் இடுவதில்தான். அறிவியல் வேண்டுமென்றால் 1974க்கு வரலாம். கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் அந்த ஆண்டு கோலத்தைக் கணினி இலக்கணமாக எழுதிக் காட்டினார்கள். எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படும் ஆவணம் கோல நோட்டு. பள்ளிக்கூட நோட்டில் மிச்சமிருந்த தாள்கள். மேலே '15 புள்ளி, 8 வரை, இடுக்கு' என்று பேனாவில் குறிப்பு. பின்பக்கம் பால் கணக்கு. கல்யாணத்துக்கு முன் சிநேகிதிகளிடம் பார்த்து வரைந்து, புருசன் வீட்டுக்குக் கொண்டுவந்தது. குமாரபாளையத்தில் நான் பார்த்த ஒரு நோட்டில் சில பக்கங்களில் புள்ளி மட்டும் இருக்கிறது, கோடு இல்லை.

நோட்டுக்குச் சொந்தக்காரர் விசைத்தறியில் வேலை செய்தவர். "அவரு போனதுக்கப்பறம் மூணு மாசம் வாசலே தெளிக்கல தம்பி. எந்திரிக்கவே மனசு வரல. ஒருநா சும்மா நாலு புள்ளி வெச்சேன். சிக்குக் கோலம், ஒரு எடத்துல கம்பி மாறிப்போச்சு. நாளைக்கி இதெச் சரியாப் போடோணும்னு நெனச்சுட்டே படுத்தேன்." பங்காளி வீட்டம்மா ஒருத்தி, "நீ எதுக்குச் சாமி வாசக்கோலம் போடறே?" என்றாளாம். இவர் பதில் சொல்லவில்லை, மறுநாளும் போட்டார்.

சிக்குக் கோலத்தில் கம்பி புள்ளிகளைச் சுற்றிவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே திரும்ப வேண்டும். ஒரு வளைவு தப்பினால் கடைசிவரை சேராது. அந்தக் கவனத்தில் வேறு நினைப்புக்கு இடமில்லை. தப்பியதும் சாயங்காலம்வரை நிற்காது. அடுத்த நாள் வாசல் வெறுமையாகக் கிடைக்கிறது. அந்த 'நாளைக்கி'தான் அவரை எழுப்பியிருக்கிறது.

இதை வைத்துக்கொண்டு கோலம் பெண்ணின் விடுதலை என்று எழுதிவிட முடியாது. காட்டுத் தோட்டங்களில் மாட்டுச்சாணியை வழித்துச் சுமந்த கை ஒரு சாதி, அந்தச் சாணியைக் கரைத்துத் தெளித்த வாசலில் புள்ளி வைத்த கை வேறு சாதி. டவுனில் நாலு வீட்டுக்கு வாசல் தெளித்துக் கோலமும் போட்டுப் பாத்திரம் தேய்க்கிறவளுக்கு அது சம்பளத்தில் ஒரு அயிட்டம். மன ஆறுதலா என்று அவளிடம் கேட்டால் சிரிப்பாள். தறிக்காரர்களின் லைன் வீடுகளில் வாசல் என்பதே ரெண்டடி சிமெண்டுப் படி; அதிலும் ஈரச் சாக்பீஸில் ஒரு நட்சத்திரம் போட்டிருப்பார்கள். ஸ்டிக்கர் கோலம் வந்தபின் இரவு ஷிப்டு முடிந்து வருகிறவளுக்கு அரைமணி நேரத் தூக்கம் கிடைத்தது. அதைக் குறை சொல்லப் பண்பாட்டுக் காவலர்களுக்கு உரிமை கிடையாது.

2019 டிசம்பர் 29 அன்று சென்னை பெசன்ட் நகரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துக் கோலம் போட்டவர்களில் சிலரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. மறுநாள் பல வாசல்களில் அதே வாசகத்தோடு கோலங்கள் வந்தன. கோலம் எழுத்துதான் என்பதை அரசு நம் விமர்சகர்களுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டது.

அந்தப் புகைப்படங்கள் பத்திரிகைகளில் பத்திரமாக இருக்கும். கோல நோட்டுகள்தான் போய்க்கொண்டிருக்கின்றன. குமாரபாளையத்து அம்மாவிடம் இரண்டு நோட்டு இருந்ததாம். பெரியதை மகன் வீடு மாற்றும்போது பழைய பேப்பர்காரனிடம் எடைக்குப் போட்டுவிட்டான்.