மஞ்சள் கொடியும் மூன்று பெயரடைகளும்

துறைமுகச் சுகாதார விதிகளை இலக்கிய வாசகன் படிப்பதில்லை. அது அவனுக்குத்தான் நஷ்டம் என்று நினைக்கிறேன். காலனிய குவாரண்டைன் பற்றி நம்மிடையே இரண்டு ரகப் பேச்சு உண்டு: வெள்ளைக்காரன் சுகாதாரம் கற்றுத் தந்தான், அல்லது, வெள்ளைக்காரன் நம்மவர்களை மந்தைபோல் அடைத்தான். இரண்டுமே விதிகளின் வாக்கியங்களைப் படிக்காமல் பேசப்படுபவை. சிங்கப்பூரை முன்வைத்து அந்த வாக்கியங்களைக் கொஞ்சம் படித்துப் பார்த்தேன்.

காலராவுக்காக 1892இலும் பிளேக்குக்காக 1897இலும் வெனிஸில் கூடிய வல்லரசுகள் கப்பல்களை மூன்றாகப் பிரித்தன: நோய் கண்ட கப்பல், சந்தேகத்துக்குரிய கப்பல், ஆரோக்கியமான கப்பல். கப்பலில் இப்போது காலரா இருந்தால், அல்லது கடந்த ஏழு நாட்களுக்குள் புதிதாக ஒருவருக்குக் கண்டிருந்தால், அது முதல் வகை. வழியில் நோய் வந்து, கடைசி ஏழு நாட்களில் யாருக்கும் புதிதாக வராவிட்டால் இரண்டாவது. நோய் பரவிய ஊரிலிருந்தே வந்தாலும் கப்பலில் ஒருவருக்கும் இல்லையென்றால் மூன்றாவது. ஏழு நாள் கழிந்ததும் பெயரடை மாறிவிடுகிறது. கப்பல் என்னவோ அதே கப்பல்தான். மஞ்சள் கொடியேற்றி வெளியே நங்கூரமிட்டு, எந்தப் பெயரடை தனக்கு என்று காத்திருக்கிறது.

இந்த வகைப்பாட்டில் தர்க்கம் இல்லை என்று சொல்லமாட்டேன். காலரா கற்பனை அல்ல. 1873இல் சிங்கப்பூரில் அது பரவிய பிறகுதான் தெற்கே உள்ள செயின்ட் ஜான்ஸ் தீவில் நிலையம் எழுந்தது. 1874 நவம்பரில் கட்டி முடிந்த கையோடு சீனத்துச் சுவாட்டோவிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட கூலிகளோடு ஒரு கப்பல், காலராவைச் சுமந்து, வந்து நின்றது. அதன் பெயர் மில்டன். (நம் ஆங்கிலப் பேராசிரியர்கள் கவனிக்க.) அந்தத் தீவு இல்லாதிருந்தால் ஊருக்குள் என்ன ஆகியிருக்கும் என்பதை யோசிக்காமல் வெறும் கண்டனம் எழுதுவது சோம்பேறித்தனம்.

எனக்கு உறுத்துவது வேறு. 1851இல் பாரிஸில் கூடிய முதல் சர்வதேச சுகாதார மாநாட்டிலிருந்தே நீண்ட குவாரண்டைனை எதிர்த்து வாதாடி வந்தது பிரிட்டன்தான். வியாபாரம் கெடும் என்பது வெளிப்படையான காரணம். 1896இல் தன் சொந்தத் துறைமுகங்களுக்கான குவாரண்டைன் சட்டத்தையே அது நீக்கிவிட்டது. சுகாதார அதிகாரி பரிசோதித்தால் போதும் என்றது. அப்போது செயின்ட் ஜான்ஸ் தீவு இருபது வருஷங்களுக்கு மேலாக இயங்கிக்கொண்டிருந்தது. சாம்ராஜ்யம் ஒன்றுதான், காலராவும் ஒன்றுதான். லண்டனில் வேண்டாததாகிவிட்டது சிங்கப்பூரில் வேண்டியிருந்தது. காரணத்தை நோய்க்கிருமியில் தேடிப் பிரயோசனமில்லை. டிக்கெட்டில் தேட வேண்டும்.

1903 பாரிஸ் உடன்படிக்கையில் இரண்டு சொற்கள் வருகின்றன. தமிழில் இரண்டையும் ‘கண்காணிப்பு’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவோம். மூலத்தில் அவை வேறு வேறு. ஒன்று, தடுத்துவைத்துப் பார்ப்பது. மற்றது, போகவிட்டுப் பார்ப்பது: பயணி கரையிறங்கிப் போகலாம், போகிற ஊரின் அதிகாரிகளுக்குத் தகவல் தந்துவிடுவார்கள். இரண்டாவதற்குத் தேவை ஒரு முகவரி, அதை நம்பக்கூடிய ஓர் அதிகாரி. கேபின் பயணிக்கு இரண்டும் இருந்தன. டெக் பயணி தீவுக்குப் போனான். இதே உடன்படிக்கையில் இன்னொரு ஷரத்து: நாடோடிகள், ஜிப்ஸிகள், குடிபெயர்வோர், கூட்டமாக எல்லை கடப்போர் விஷயத்தில் அரசுகள் தனி நடவடிக்கை எடுத்துக்கொள்ளலாம். கப்பலுக்கு மூன்று பெயரடைகள் கொடுத்து, நாட்களை எண்ணி, அவ்வளவு நுணுக்கமாக யோசித்தவர்கள் மனிதர்கள் விஷயத்தில் ‘கூட்டம்’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொண்டார்கள்.

டெக்கில் நோய் பரவ வாய்ப்பு அதிகம் என்பது வாஸ்தவம். ஆனால் அந்த நெருக்கடி யாருடைய ஏற்பாடு? சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிய ரஜூலா 1926இல் கட்டப்பட்டது. ஐயாயிரம் டெக் பயணிகளுக்கு மேல் ஏற்றிக்கொள்ள அதற்கு அனுமதி இருந்தது. கட்டணத்துக்காகக் கம்பெனி நெருக்கியது, தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்பதற்காக அரசாங்கம் அனுமதித்தது. கரை வந்ததும் அந்த நெருக்கமே அவர்களைத் தடுத்து வைப்பதற்கு நியாயமாயிற்று. பினாங்கில் இறங்கிய தமிழ்த் தொழிலாளர்களுக்கு ஜெரஜாக் தீவு. குளியல், அம்மைப்பால், துணிமூட்டைக்கு நீராவி, பிறகு நாட்களை எண்ணுதல். இந்தியத் தொழிலாளர்களை உதவித்தொகை கொடுத்து மலேயாவுக்கு ஏற்றிச் செல்வதை இந்திய அரசாங்கம் 1938இல் தடை செய்தது. அதுவரை ஆட்களைத் தருவிப்பதும் தடுத்துவைப்பதும் ஒரே நிர்வாகத்தின் இரண்டு மேஜைகளில் நடந்தன.

செயின்ட் ஜான்ஸ் தீவின் மலாய்ப் பெயர் சகிஜாங் பெண்டேரா. பெண்டேரா என்றால் கொடி. 1819 ஜனவரி 28ஆம் தேதி ராபிள்ஸின் கப்பல்கள் முதலில் நங்கூரமிட்டது இந்தத் தீவின் அருகில்தான். அவரிடம் எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள், கப்பலில் யாருக்காவது காய்ச்சலா என்று கேட்க அப்போது ஆள் இல்லை.

1948இல் அவசர நிலை வந்த பிறகு அரசியல் கைதிகளையும் இங்கே வைத்தார்கள். பின்னாளில் சிங்கப்பூரின் ஜனாதிபதியான தேவன் நாயர் 1951இல் இந்தத் தீவில் இருந்தவர். 1955இல் அபினிப் பழக்கம் உடையவர்களுக்கான சிகிச்சை நிலையம் வந்தது. குவாரண்டைன் நிலையத்தை 1976இல் மூடினார்கள். புதிதாக வந்த ஒவ்வொரு வகையினருக்கும் புதுப் பெயர் வைக்க வேண்டியிருந்தது. நாலு பக்கமும் கடல் ஏற்கனவே இருந்தது.