இழுத்த வண்டியும் எண்ணும் வண்டியும்

1942 பிப்ரவரி 17. சிங்கப்பூர் ஜப்பானியரிடம் சரணடைந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. ஃபேரர் பார்க் மைதானத்தில், இன்றைய லிட்டில் இந்தியாவுக்குப் பக்கத்தில், சுமார் 40,000 இந்தியச் சிப்பாய்கள் கூட்டப்பட்டார்கள். இந்திய தேசிய ராணுவத்துக்கு அங்கேதான் விதை விழுந்தது. அதே நாளில் ஏறத்தாழ 50,000 பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் படையினர் கால்நடையாகக் கிழக்குக் கோடிக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் சாங்கி.

சிலராங், ராபர்ட்ஸ், கிச்னர் என்று அங்கே பெரிய பாசறைகள் இருந்தன. லாரிகளும் கார்களும் கிடந்தன. அவற்றை ஓட்டத்தான் பெட்ரோல் இல்லை. ஆனால் ஒரு சிறு நகரத்தளவு மக்களுக்கு அரிசி வர வேண்டும். அதைப் பொங்க விறகு வர வேண்டும். நோயாளிகளை இடம் மாற்ற வேண்டும். கைதிகள் ஒரு வழி கண்டார்கள். லாரியிலிருந்து இன்ஜினையும் கியர்பாக்ஸையும் மேல்கூட்டையும் கழற்றி எறிந்தார்கள். சட்டகம், அச்சு, சக்கரம், ஸ்டியரிங், பிரேக் மட்டும் மிஞ்சின. மேலே பலகை அடித்தார்கள். முன்னால் நீளமாகக் கயிறோ கம்பியோ கட்டி, அதில் குறுக்குக் கட்டைகளைப் பிணைத்தார்கள். கட்டைக்கு இருவர் மூவராக, வண்டிக்குப் பதினைந்து இருபது பேர் நின்று இழுத்தார்கள். ஒருவர் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்து வண்டியில் உட்கார்ந்திருப்பார்.

முகாமில் இதற்கு ‘டிரெய்லர்’ என்று பெயர்.

சிங்கப்பூர்த் தெருக்களுக்கு இழுவண்டி புதிதல்ல. பஃபலோ ரோடு, பெலிலியோஸ் ரோடு பகுதி மாட்டு வணிகத்தால் வளர்ந்தது. நகரின் சரக்கும் தண்ணீரும் பல காலம் மாட்டு வண்டியில்தான் போயின. தமிழர் பலர் அந்த வண்டிகளை ஓட்டிப் பிழைத்தார்கள். சாங்கியில் புதிது ஒன்றே ஒன்றுதான்: மாடு நின்ற இடத்தில் மனிதர்கள் நின்றார்கள். சில மாதங்களுக்கு முன்பு அதே லாரியை ஓட்டியவர்கள்கூட அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள்.

டிரெய்லர் வேலையில் சுமைக் கணக்குதான் எல்லாம். எவ்வளவு ஏற்றலாம், மேட்டில் எத்தனை பேர் வேண்டும், இறக்கத்தில் பிரேக் பிடிக்குமா என்ற மூன்று கேள்விகளில் வேலை அடங்கியது. நாளாக ஆக, முதல் கேள்விக்கான விடை சுருங்கிக்கொண்டே வந்தது. சோறு குறைந்தது, ஆளும் குறைந்தது. 1943 ஏப்ரலில் மட்டும் ‘எஃப் ஃபோர்ஸ்’ என்ற பெயரில் 7,000 கைதிகள் சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களையும் விழுங்கிய பாதை அது. அந்த 7,000 பேரில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை.

1944 மே மாதம் முகாமே இடம் பெயர்ந்தது. சாங்கிச் சிறையிலிருந்த ஐரோப்பியக் குடிமக்களை சைம் ரோடு முகாமுக்கு மாற்றிவிட்டு, சிலராங்கில் இருந்த போர்க்கைதிகளைச் சிறைக்குள்ளும் அதைச் சுற்றிய குடிசைகளிலும் அடைத்தார்கள். 1936இல் 600 பேருக்கென்று கட்டிய சிறை அது. உள்ளே மட்டும் சுமார் 5,000 பேர். கட்டில், பானை, கூரைத் தகடு, பட்டறைக் கருவி என்று முகாமின் உடைமைகள் டிரெய்லர்களில்தான் ஏறி வந்தன. பட்டறை அந்த வாழ்வின் உயிர்நாடி. துடைப்பமும், செருப்புக்கு ஒட்டும் ரப்பர் அடியும், கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் காலும் அங்கே பழைய பொருள்களிலிருந்து உருவாயின. ஒரு சுத்தியல் தொலைந்தால் அடுத்தது வாங்கக் கடை கிடையாது.

அதற்கு முன்பே, 1943 செப்டம்பரில், ஜப்பானியர் சாங்கியில் விமானத்தளம் அமைக்கத் தொடங்கியிருந்தார்கள். குன்றை வெட்டிச் சதுப்பை நிரப்புவதுதான் வேலை. கைதிகளின் கையில் மண்வெட்டியும் கடப்பாரையும். மண்ணைக் கொண்டுபோக, குறுகிய தண்டவாளத்தில் ஓடும் கவிழ்ப்பு வண்டிகள். அப்படி எழுந்த ஓடுதளத்தில் போர் முடியும் முன்பே விமானங்கள் இறங்கின. போர் முடிந்தபின் நிலைமை தலைகீழானது. ஜப்பானியப் போர்க்கைதிகளை வைத்து பிரிட்டிஷார் அதே தளத்தைச் செப்பனிட்டார்கள். 1946 முதல் அது ராயல் ஏர் ஃபோர்ஸின் சாங்கித் தளம்.

தளத்தைச் சுற்றி ஒரு ஊர் வளர்ந்தது. எழுத்தராக, ஓட்டுநராக, பட்டறை ஆளாக இந்தியர்கள் வந்தார்கள். சாங்கி கிராமத்தின் ஸ்ரீ ராமர் கோயில் 1946இல் பிரிட்டிஷ் ராணுவத்தில் பணிபுரிந்த ராம் நாயுடு என்பவரின் முயற்சியில் எழுந்தது. அந்த பிரிட்டிஷ் தளம் மூடிப் பல காலம் ஆகியும் கோயில் அங்கேயே இருக்கிறது.

இந்தத் தளத்தில்தான் வண்டியின் வேலை சுமப்பதிலிருந்து எண்ணுவதற்கு மாறத் தொடங்குகிறது. சாங்கியில் நின்ற 205ஆம் ஸ்குவாட்ரனின் ஷாக்கிள்டன் விமானத்தை எடுத்துக்கொள்ளலாம். நான்கு கிரிஃபன் இன்ஜின்கள். ஒவ்வொன்றிலும் 12 சிலிண்டர், சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக். ஒரு விமானத்துக்கு 96 பிளக்குகள். அவற்றைக் கழற்றி மாட்ட ஏணியில் ஏறி நிற்பவர் கையில் ஒரு ராட்செட் கைப்பிடி, பையில் சில சாக்கெட்டுகள். இந்தச் சாக்கெட் முறை அப்போதே பழகிப்போன ஒன்று. 1920இல் அமெரிக்காவில் ஜோசப் ஜான்சன் தொடங்கிய ஸ்னாப்-ஆன் நிறுவனம், ஐந்து கைப்பிடியும் பத்து சாக்கெட்டும் இருந்தால் ஐம்பது ஸ்பானர் வேலை நடக்கும் என்று விற்றது. சுமை குறைந்தது உண்மை. கூடவே விரல் நுனி அளவு இரும்புத் துண்டுகள் பெருகின. இன்ஜின் உறைக்குள் விழுந்தால் சத்தம்கூடக் கேட்காத துண்டுகள்.

பிரிட்டிஷார் 1971 இறுதியில் வெளியேறினார்கள். 1975இல் சிங்கப்பூர் அரசு பாய லேபார் விமான நிலையத்தை விரிக்காமல் சாங்கியில் புதிதாகக் கட்டுவதென்று முடிவெடுத்தது. கடலைத் தூர்த்து நிலம் சேர்த்தது. 1981 ஜூலை 1 காலை கோலாலம்பூரிலிருந்து முதல் பயணிகள் விமானம் வந்திறங்கியது. விமானங்களோடு பழுது பார்க்கும் கொட்டகைகளும் வந்தன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் பொறியியல் பிரிவு 1992இல் எஸ்.ஐ.ஏ. இன்ஜினியரிங் என்ற தனி நிறுவனமாகவே இயங்கத் தொடங்கியது.

அத்தகைய கொட்டகையில் இன்று உருளும் டூல் டிராலி, பார்வைக்கு இடுப்பளவு உயர இரும்பு அலமாரி. அதைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் பார்ப்பது சக்கரத்தை. கொட்டகையின் பெரிய கதவுகள் தரையில் பதித்த தண்டவாளத்தில் ஓடுபவை. சின்னச் சக்கரம் அந்தப் பள்ளத்தில் மாட்டி நின்றுவிடும். விட்டம் பெரிதானால் தாண்டும். முன்னிரண்டும் நேராக ஓட, பின்னிரண்டும் திரும்பினால் நீண்ட தூரம் தள்ள எளிது. நான்கும் திரும்பும் வண்டி இண்டு இடுக்கில் நுழையும். ஆனால் மழைநீர் வடிய லேசாகச் சாய்த்துப் போட்ட வெளித்தளத்தில் அது தன் போக்கில் விலகும். ஆகவே பிரேக் இல்லாத வண்டி வெளியே போகக் கூடாது. நிறுத்தியிருக்கும் விமானத்தின் மேல் மோதினால், ஒரு கீறலுக்கே பரிசோதனையும் ஆவணமும் தேவைப்படும்.

அடுத்தது இழுப்பறை. கனமானவை அடித்தட்டில் இருக்க வேண்டும். மேலிழுப்பறைகள் இரண்டு மூன்று ஒரே நேரத்தில் வெளியே வந்தால் வண்டி முன்னால் கவிழும். ஒன்று திறந்திருக்கும்போது மற்றவற்றைப் பூட்டிவிடும் அமைப்பு அதற்காகவே. சாங்கியில் கடற்காற்றும் ஈரமும் உண்டு. எண்ணெய்த் துணியால் துடைக்காத ஸ்பானரில் துரு சீக்கிரம் ஏறும். முறுக்கு அளவைக் காட்டும் டார்க் ரென்ச்சுக்குத் தனி மரியாதை. அடுத்த அளவுச் சோதனைக்கான தேதியை அதன்மேல் ஒட்டியிருப்பார்கள். தேதி கடந்துவிட்டால் அது வண்டியில் இருக்கக் கூடாது.

இவையெல்லாம் டிரெய்லர் இழுத்தவர்களுக்கும் புரியும் கணக்குகள். இழுப்பறைக்குள் இருப்பதுதான் அவர்களுக்குப் புதிதாக இருக்கும். இரண்டு நிறத்தில் அடுக்கிய நுரைப்பலகையை ஒவ்வொரு கருவியின் வடிவத்துக்கும் வெட்டி வைத்திருப்பார்கள். மேல் நிறம் கறுப்பு, அடி நிறம் மஞ்சள் அல்லது சிவப்பு. பத்து மில்லிமீட்டர் சாக்கெட் இல்லையென்றால் அங்கே ஒரு மஞ்சள் வட்டம் கண்ணை உறுத்தும். பல் செட்டில் ஒரு பல் விழுந்தது போல, தேடாமலே தெரியும்.

ஏன் இத்தனை கண்டிப்பு? 2000 ஜூலை 25 அன்று பாரிஸில் புறப்பட்ட கான்கார்டு விமானத்தின் டயரைக் கிழித்தது, முந்தைய விமானத்திலிருந்து ஓடுதளத்தில் விழுந்த சுமார் 43 செ.மீ. நீள உலோகப் பட்டை. டயர்த் துண்டு தாக்கி எரிபொருள் தொட்டி உடைந்தது. 113 பேர் இறந்தார்கள். அந்தப் பட்டை கருவி அல்ல. ஆனால் இடம் மாறிக் கிடக்கும் ஒரு துண்டு என்ன செய்யும் என்பதற்கு உலகம் கண்ட பெரிய சாட்சி அதுதான்.

கருவியே மறந்துபோன கதையும் உண்டு. 2023 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸில் கான்டாஸின் ஏ380 விமான இன்ஜின் ஒன்றைப் பரிசோதித்தார்கள். கம்ப்ரஸரைக் கையால் சுழற்ற உதவும் 1.25 மீட்டர் நீள நைலான் கருவி உள்ளேயே தங்கிவிட்டது. கருவி திரும்பவில்லை என்பது தெரிந்தும், தொலைந்த கருவிக்கான தேடல் முறையைத் தொடங்காமலே விமானம் விடுவிக்கப்பட்டது. 34 முறை பறந்து, 294 மணி நேரத்துக்குப் பிறகு, 2024 ஜனவரி 1 அன்று அதே லாஸ் ஏஞ்சலிஸில்தான் அது உருக்குலைந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டது. ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பின் விசாரணை இதைப் பதிவு செய்திருக்கிறது. நல்வாய்ப்பாக யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் முதல் ஏ380 2007 அக்டோபரில் சாங்கிக்கு வந்ததிலிருந்து எண்ணும் வேலை இன்னும் கடினம். அதன் வால் நுனி 24 மீட்டர் உயரம். டிராலி தரையில் நிற்கும். தொழிலாளி பல மாடி மேடையில் நிற்பார். இடையே கருவிகள் சிறு பையில் ஏறுகின்றன. அந்தப் பைக்கும் தனிப் பட்டியல் உண்டு: ஏறும்போது எத்தனை, இறங்கும்போது எத்தனை, யார் எடுத்தார், எந்த விமானத்துக்கு. இழுப்பறையைப் படம் பிடித்துத் தானே கணக்குப் பார்க்கும் கேமரா அலமாரிகளும், கருவியில் ஒட்டும் மின்னணுச் சில்லுகளும் இப்போது இருக்கின்றன. அவை ஒரு கருவி குறைகிறது என்று சொல்லும். எந்த மேடையில், எந்த உறைக்குள் கிடக்கிறது என்று தேடுவது ஷிஃப்ட் முடித்து வீட்டுக்குக் கிளம்பவிருந்தவரின் வேலை. அது கிடைக்கும்வரை, அல்லது விமானத்துக்குள் இல்லை என்று உறுதியாகும்வரை, விடுவிப்புத் தாளில் கையெழுத்து விழக் கூடாது.