கல்கத்தா லீக்கும் முகம்மதன் ஸ்போர்ட்டிங் கழகமும்

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதன் அரசியலையும் கல்வி நிலையங்களையும் இலக்கியங்களையும் ஆராய்வர். விளையாட்டுத் திடல்கள் அவர்தம் பார்வையில் பெரும்பாலும் படுவதில்லை. ஆனால் கடந்த நூற்றாண்டின் இந்திய முஸ்லிம்களுடைய நம்பிக்கைகளையும் ஏமாற்றங்களையும் கல்கத்தாவின் கால்பந்துத் திடல் தெளிவாகக் காட்டுகிறது. அஸர் தொழுகைக்குப் பின் பந்தோடு திடலுக்கு விரையும் இளைஞர்களைப் புதுப்பட்டினம் முதல் காயல்பட்டினம் வரை நம் கடற்கரை ஊர்களில் எங்கும் காண்கிறோம். அவர்கள் அறிந்திருக்க வேண்டிய வரலாறு இது.

இந்தியக் கால்பந்துச் சங்கம் என்னும் ஐ.எஃப்.ஏ. 1893ஆம் ஆண்டில் கல்கத்தாவில் தோன்றியது. அதே ஆண்டில் ஐ.எஃப்.ஏ. கேடயப் போட்டி தொடங்கிற்று. 1898இல் கல்கத்தா கால்பந்து லீக் பிறந்தது. ஆசியாவின் மிகப் பழைய கால்பந்து லீக் இதுவே. முதல் ஆண்டில் வாகை சூடியது குளோசெஸ்டர்ஷயர் படைப்பிரிவு. பிரிட்டிஷ் படைப்பிரிவுகளும் ஐரோப்பியர் கழகங்களுமே தொடக்கத்தில் முதற்பிரிவில் ஆடின. பின்னர் இந்திய அணிகளுக்கு வழி திறந்தபோதும் இரண்டு அணிகளுக்கு மேல் இடமில்லை என்ற வரம்பு இருந்தது. 1925இல் ஈஸ்ட் பெங்கால் முதற்பிரிவுக்குள் நுழைந்த காலத்தில்தான் அத்தடை அகன்றது.

கேடயப் போட்டிக்கும் லீக்கிற்கும் உள்ள வேறுபாட்டை இங்கே மனத்திற் கொள்ள வேண்டும். கேடயப் போட்டியில் தோற்ற அணி அன்றே வெளியேறும். சில நாள் வீரம் அங்கே போதும். லீக்கில் ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளோடும் மோத வேண்டும். வெற்றிக்கும் சமநிலைக்கும் கிடைக்கும் புள்ளிகள் ஒரு பருவம் முழுவதும் சேர்ந்து முடிவைத் தீர்மானிக்கும். நம் நூல்கள் இஸ்திகாமத் என்று போற்றும் நிலைகுலையாமையே அங்கே சோதிக்கப்படுகிறது. 1911 ஜூலை 29 அன்று மோகன் பகான் அணியினர், ஒருவர் நீங்கலாக ஏனையோர் வெறுங்காலோடு ஆடி, கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வென்று கேடயத்தைக் கைப்பற்றினர். நாடே மகிழ்ந்தது. எனினும் லீக் பட்டம் இந்தியர் கைக்கு வர மேலும் 23 ஆண்டுகள் ஆயின.

அப்பட்டத்தை முதன்முதலில் வென்ற இந்திய அணி முகம்மதன் ஸ்போர்ட்டிங். 1887இல் ஜூபிலி கிளப் என்ற பெயரில் அரும்பி, கிரசென்ட் கிளப், ஹமீதியா கிளப் எனப் பெயர் மாறி, 1891இல் இன்றைய பெயரைப் பெற்ற கழகம் அது. நாற்பதாண்டுகளுக்கு மேல் பெரும்புகழ் எதுவுமின்றி இருந்த அது, 1934இல் முதற்பிரிவுக்கு உயர்ந்தது. உயர்ந்த அந்த ஆண்டிலேயே பட்டத்தை வென்றது. 1938 வரை தொடர்ந்து ஐந்தாண்டுகள் பட்டம் அதனிடமே இருந்தது. 1936இல் லீக்கோடு ஐ.எஃப்.ஏ. கேடயமும் சேர்ந்து வந்தது. 1940இல் தில்லியில் ராயல் வார்விக்ஷயர் படைப்பிரிவை 2-1 என்று தோற்கடித்து டூரண்ட் கோப்பையையும் வென்றது.

இவ்வெற்றி எவ்வாறு வாய்த்தது? சமுதாயப் பற்று மட்டுமே காரணமென்று சிலர் கூறுவர். அஃது அரை உண்மை. கல்கத்தா லீக் மழைக்காலத்தை ஒட்டி நடைபெறுவது. சேறான திடலில் வெறுங்கால் வீரர் வழுக்கி விழ, காலணி அணிந்த ஐரோப்பியர் நிலைத்து நின்றனர். இதனை உணர்ந்த கழக நிர்வாகிகள் தம் வீரர்களை ஈரத்திடலில் பூட்ஸ் அணிந்து ஆடப் பழக்கினர். அன்றியும், உள்ளூர் வீரர்களோடு நிறைவு கொள்ளாது நாடெங்கும் திறமையைத் தேடினர். குவெட்டாவிலிருந்து ஜும்மா கான் வந்தார். பெங்களூரிலிருந்தும் வீரர்கள் சென்றனர். அன்றைய விதிகள் ஊதியம் பெறும் ஆட்டக்காரர்களை ஏற்கவில்லை. ஆயினும் தொலைவிலிருந்து வருவோர்க்குத் தங்குமிடமும் செலவுத்தொகையும் வேலையும் தேடித் தரும் வழக்கம் கல்கத்தாவில் வேரூன்றியது. கல்கத்தா லீக்கின் அரைத்தொழில்முறைத் தன்மை இவ்வாறே உருவாயிற்று. ஆகவே, பற்று கூட்டத்தைத் திரட்டியது. பட்டத்தைத் தந்தவை முன்னேற்பாடும் திறமைத் தேர்வுமே.

இவ்வணியின் முகம்மது சலீம் 1936இல் ஸ்காட்லாந்து சென்று கிளாஸ்கோ நகரின் செல்டிக் கழகத்துக்காகக் கால்களில் துணிக்கட்டுடன் இரு ஆட்டங்கள் ஆடி, காண்போரை வியக்கச் செய்தார். ஊர் நினைவு வாட்டவே தாயகம் திரும்பினார்.

இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் அஸபிய்யா என்னும் குழுப்பற்றை விரிவாக ஆராய்கிறார். எழுச்சிக்கு அது உந்துவிசையாகிறது. ஆயின் அதன் வலிமை நிலையானதன்று. அரசுகளைப் பற்றி அவர் கூறியது கழகங்களுக்கும் பொருந்தும். ஆங்கிலேயர் அணிகளை வென்றபோது முகம்மதன் கழகத்தின் வெற்றி இந்தியர் அனைவரின் வெற்றியாகவும் கொள்ளத்தக்கதாயிருந்தது. நாட்டின் அரசியல் சமய அடிப்படையில் பிளவுபடத் தொடங்கியபோது அதே பெயர் ஒரு தரப்பின் கொடியாக நோக்கப்பட்டது. ஆனால் திடலின் பிணக்குகள் எல்லாம் சமயப் பிணக்குகள் அல்ல. 1939இல் ஐ.எஃப்.ஏ.வோடு முரண்பட்டு லீக்கிலிருந்து விலகியபோது முகம்மதன் கழகத்தோடு ஈஸ்ட் பெங்காலும் காளிகாட்டும் தோளோடு தோள் நின்றன. மறவாதிருக்க வேண்டிய செய்தி இது.

1947இன் பிரிவினை, குவெட்டாவையும் டாக்காவையும் அயல்நாட்டு நகரங்களாக்கிற்று. நாடு தழுவித் திறமை தேடிய கழகத்தின் ஊற்றுக்கண்கள் பல அடைபட்டன. 1948இல் பட்டம் வந்தது. பின் 1957, 1967 என இடைவெளிகள் நீண்டன. நெடுங்காலம் முஸ்லிம் வீரர்களையே சார்ந்திருந்த கழகம் காலப்போக்கில் தன் வாயிலை அகலத் திறந்தது. 1980இல் சுரஜித் சென்குப்தா முதலிய புகழ்பெற்ற வீரர்கள் வந்து சேர்ந்தனர். 1981இல் லீக் பட்டம் மீண்டது. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஈரானிய வீரர்கள் மஜீத் பிஷ்கரும் ஜம்ஷித் நஸ்ஸீரியும் முதலில் ஈஸ்ட் பெங்காலில் ஆடிப் பின்னர் இக்கழகத்துக்கு வந்தனர். திறமைக்குக் கழக எல்லை இல்லை என்பதற்கு இவர்கள் சான்று.

அதன்பின் 40 ஆண்டுகள் பட்டமில்லை. 2021, 2022, 2023 என மூன்றாண்டுகள் தொடர்ந்து கல்கத்தா லீக்கை வென்ற கழகம், 2023-24 ஐ-லீக் பட்டத்தையும் பெற்று இந்தியன் சூப்பர் லீக்கிற்கு உயர்ந்தது. ஆனால் 2024-25 பருவத்தில் அங்கே கடைசி இடமே கிட்டியது. ஏறுவது ஒன்று, நிலைத்திருப்பது மற்றொன்று என்ற லீக்கின் பழைய பாடம் மீண்டும் மெய்ப்பட்டது.

நம் மாநிலத்திலும் இம்முறை புதியதன்று. சென்னை லீக்கில் ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி போன்ற நிறுவன அணிகள் ஆட்டத்திறனுக்காக வேலை தந்து பல எளிய குடும்பங்களை உயர்த்தின. பந்தாட்டம் கல்விக்குப் பகை என்று கருதும் பெற்றோர் இதனையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சமுதாயத்தின் பெயரைத் தாங்கிய ஓர் அணி ஏகாதிபத்தியத்தின் படைப்பிரிவுகளை வீழ்த்தியதைக் கேட்கும்போது நம் நெஞ்சம் நிமிர்கிறது, அது இயல்பு. ஆனால் அவ்வணி வென்றது பெயரால் அன்று. மழைக்கேற்ற காலணியால், தொலைவிலுள்ள திறமையை வரவேற்ற பண்பால், பருவம் முழுதும் குலையாத ஒழுங்கால் வென்றது. ஊர்தோறும் கழகம் அமைப்போர் பெயர்ப்பலகைக்கு முன் இம்மூன்றையும் தேடிக்கொள்வார்களாயின், அண்டை வீட்டுப் பிள்ளைகளும் அவர்களுடைய திடலுக்கு வருவர்.