அஞ்சலட்டை விளம்பரம்: வார்ப்புருவில் தமிழ் உடையாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

தீபாவளிக்கு முறுக்கு சுட்டு விற்போர், வீட்டில் ரவிக்கை தைப்போர், விருந்துச் சமையல் எடுத்துச் செய்வோர் எனப் பலரும் விளம்பர அஞ்சலட்டையை இன்று கைப்பேசியிலேயே வடிவமைத்துக் கொள்கின்றனர். கேன்வா போன்ற செயலிகளில் ஆயத்த வார்ப்புருக்கள், அதாவது டெம்பிளேட்டுகள், நிறைய உள்ளன. படத்தையும் விலையையும் மாற்றினால் அட்டை தயார்.

ஆனால், அவற்றில் பெரும்பாலானவை ஆங்கில எழுத்துக்காக அமைக்கப்பட்டவை. என் வீட்டுத் தபால் பெட்டியில் கிடந்த ஓர் அட்டையில், 'தொடர்புக்கு' என்ற சொல்லின் கொம்பு 'த'வுக்குப் பின்னால் போய் நின்றது. பலகாரப் படமோ அவ்வளவு அழகு! ஆயிரம் அட்டை அச்சான பிறகு இதைத் திருத்த முடியாது. மறுபடியும் காசு கொடுத்து அச்சடிக்க வேண்டியதுதான்.

இப்படி நேரக் காரணம் உண்டு. தமிழில் கொம்பைத் தட்டச்சில் பின்னால் இட்டாலும், மென்பொருள் அதை முன்னால் கொண்டுவந்து காட்ட வேண்டும். அச்சகத்தில் உள்ள பழைய ஃபோட்டோஷாப்போ, தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பு முடுக்கப்படாத ஃபோட்டோஷாப்போ அதைச் செய்யாது. ஆகவே, திருத்தக்கூடிய கோப்பை அனுப்பாமல், அச்சுக்கான பிடிஎஃப் கோப்பாக அனுப்புங்கள். எழுத்துகளை உருவக்கோடுகளாக மாற்றி அனுப்பினால் இன்னும் பாதுகாப்பு. தட்டச்சு யூனிகோடில் இருக்கட்டும். நம் நாட்டவரான முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் செயலி கைப்பேசிக்குப் போதும். பழைய குறியாக்கத்தில் அடித்ததை ஒட்டினால் வெறும் கிறுக்கலாகத்தான் தெரியும்.

வார்ப்புருவின் ஆங்கில எழுத்துருவை அப்படியே விடாமல், நோட்டோ சான்ஸ் தமிழ், ஹிந்த் மதுரை, பாலூ தம்பி போன்ற ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வரி இடைவெளியையும் சற்றுக் கூட்டுங்கள். இல்லையென்றால் மேல்வரி 'மு'வின் கீழ்ச்சுழி கீழ்வரி 'கீ'யின் சுழியோடு முட்டும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. இடம் போதவில்லை என்றால் எழுத்தைச் சிறிதாக்காமல் சொல்லைக் குறையுங்கள். வாங்குவோரில் மூக்குக்கண்ணாடியைத் தேடும் பாட்டிகளும் உண்டு.

அளவு ஏ6 என்றால் 148 x 105 மில்லிமீட்டர். வெட்டும்போது வெள்ளை விளிம்பு தெரியாமலிருக்க, பின்னணியைப் பக்கத்துக்கு 3 மில்லிமீட்டர் நீட்டி 154 x 111 ஆக்குங்கள். எழுத்துகள் வெட்டுக்கோட்டிலிருந்து 5 மில்லிமீட்டராவது உள்ளே இருக்கட்டும். முழு அட்டையையும் நிறைக்கும் படத்திற்கு ஏறத்தாழ 1,748 x 1,240 படப்புள்ளிகள் தேவை. புலனத்தில் படமாக அனுப்பினால் தரம் குறையும், ஆவணமாக அனுப்புங்கள். திரையில் பளிச்சிடும் மயில்நீலம் அச்சில் மங்கலாக வரும் என்பதையும் எதிர்பாருங்கள்.

தபாலில் அனுப்பும் அட்டையானால் பின்புறத்தின் வலப்பாதி முகவரிக்கும் தபால் தலைக்கும் உரியது. அந்தப் பக்கம் பளபளப்புப் பூச்சு வேண்டாம். பேனா மை ஒட்டாது.

வார்ப்புருவில் 'இனிய தீபாவளி வாழ்த்துகள்' பாதி அட்டையை அடைத்துக்கொள்ளும். அதைச் சுருக்கி, என்ன பலகாரம், கிலோ எத்தனை ரிங்கிட், எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும், எந்த வட்டாரத்திற்குக் கொண்டுவந்து தருவீர்கள் என்பதைப் பெரிதாகப் போடுங்கள்.

மொத்தமாக அச்சடிக்கும் முன் ஒரே ஒரு பிரதி எடுத்து, வேறொருவரிடம் கொடுத்து, அதிலுள்ள எண்ணைப் பார்த்து உங்களை அழைக்கச் சொல்லுங்கள்.